45 வயதுக்கு மேல் லாரித் தொழில்: எந்த வண்டியில் ஏறலாம்?

விசைத்தறியை நிறுத்தியவர்கள், கடையை மூடியவர்கள், ஆலையில் விருப்ப ஓய்வு வாங்கியவர்கள் என்று 45 வயதுக்கு மேல் லாரி ஓட்ட வருபவர்களை நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. ஓட்டுநர் கிடைக்காமல் வண்டி நிற்கும் காலம் என்பதால், உரிமமும் உடல்நலமும் சரியாக இருந்தால் வயதைச் சொல்லித் திருப்பி அனுப்பும் முதலாளிகள் குறைவு. குமாரபாளையத்தில் நான் ஓட்டிக்கொண்டிருந்த ஆறு தறிகளை விற்றபோது எனக்கு வயது 46. அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருந்த மூன்று மாதத்தில் ஐந்து வகை வேலைகள் என் முன்னால் வந்தன. அவற்றுள் மூன்றைப் பின்னாளில் நானே பார்த்திருக்கிறேன். மற்ற இரண்டை நெருங்கிய உறவினர்கள் பார்த்திருக்கிறார்கள். அன்று நான் நின்ற இடத்தில் இன்று நிற்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் அந்த ஐந்தையும் ஒப்பிட்டு எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர் முதலில் கேட்பது எதில் சம்பளம் அதிகம் என்பதைத்தான். 25 வயதுக்காரருக்கு அந்தக் கேள்வி போதும். 45 வயதைத் தாண்டி வருபவர் அதற்கு முன்பாக வேறு இரண்டைக் கேட்டாக வேண்டும். வண்டி ஓடாமல் நிற்கும் நேரத்துக்கு யார் கூலி தருகிறார்கள் என்பது ஒன்று. இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் நான் எங்கே இருப்பேன் என்பது மற்றொன்று. லாரித் தொழிலில் வருமானம் பெரும்பாலும் நடைக் கணக்கில் வருகிறது. சில முதலாளிகள் வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு என்பார்கள், சிலர் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பார்கள், சிலர் நடைக்கு இவ்வளவு படி என்பார்கள். மூன்றிலும் சக்கரம் சுற்றினால்தான் காசு. லோடு ஏற்ற ஒரு நாள், இறக்க ஒரு நாள், திரும்பி வரச் சரக்குக் கிடைக்க மூன்று நாள் என்று நிற்கும் காலம் முழுவதும் ஓட்டுநரின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. உழைப்பதற்கு முப்பது ஆண்டு மிச்சமிருப்பவர் அதைத் தாங்கிக்கொள்ளலாம். பத்து, பன்னிரண்டு ஆண்டுதான் மிச்சமிருக்கிறது என்பவருக்கு அது பெரிய இழப்பு.

ஐந்துக்கும் பொதுவான வாசல் உரிமம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறதே தவிர, மேல் வரம்பு எதையும் வைக்கவில்லை. இலகுரக வாகன உரிமம் வாங்கி ஓராண்டு முடிந்த பிறகுதான் கனரக வண்டிக்கு எல்.எல்.ஆர். போட முடியும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற பழைய விதி 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. பயிற்சிப் பள்ளி தரும் படிவம் 5 சான்றும், மருத்துவர் தரும் படிவம் 1ஏ சான்றும் வேண்டும். கனரக உரிமத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கார் உரிமம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை இலகுரக உரிமத்திலேயே ஓட்டலாம், அதற்குத் தனி அனுமதி தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. ஆகவே கார் உரிமத்தோடு சிறிய சரக்கு வண்டியில் உடனே வேலையைத் தொடங்கிவிட்டு, கனரக உரிமத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ள வழி இருக்கிறது.

பயிற்சியைப் பொறுத்தவரை, தெருமுனைப் பயிற்சிப் பள்ளியில் காலி லாரியைப் பத்து நாள் ஓட்டிவிட்டு உரிமம் வாங்குவதோடு நிறுத்திக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். நாமக்கல்லில் தமிழக அரசோடு சேர்ந்து அசோக் லேலண்ட் நிறுவனம் 1995இல் தொடங்கிய ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. இளம் வயதில் வருபவர்கள் இரண்டு மூன்று ஆண்டு கிளீனராக இருந்து, ஆளில்லாத சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துக் கற்றுக்கொண்டார்கள். நமக்கு அந்தக் காலம் கிடையாது என்பதால் காசு கொடுத்தாவது முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் மூன்று மாதமாவது அனுபவமுள்ள ஓட்டுநரின் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தவருக்கு வயது 31. என்னை “அண்ணா” என்று கூப்பிட்டுக்கொண்டே தார்ப்பாயின் மேல் ஏறச் சொல்வார். காலையில் வண்டியைக் கிளப்பியதும் நான் அவசரப்பட்டால், “அண்ணா, மீட்டரப் பாருங்க, காத்து ஏறட்டும்” என்பார். ஏர் பிரேக் வண்டியில் காற்றழுத்தம் போதிய அளவு ஏறிய பிறகுதான் நகர வேண்டும் என்ற பாடத்தை அவரிடம்தான் கற்றேன். ஜாக்கி லீவரால் ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தைக் கேட்டே காற்று இறங்கிய டயரைச் சொல்லிவிடுவார். நல்ல டயர் கணீரென்று லீவரைத் திருப்பித் தள்ளும், இறங்கிய டயர் பொத்தென்று வாங்கிக்கொள்ளும். தன்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவரிடம் கைகட்டிக் கற்க முடியாது என்று நினைப்பவர் இந்தத் தொழிலுக்கு வராமலிருப்பது நல்லது.

முதல் வகை, சொந்தமாகச் சிறிய வண்டி வாங்கி ஓட்டுவது. 2005இல் டாடா ஏஸ் வந்த நாளிலிருந்து அதற்குக் குட்டி யானை என்று பெயர். அதைவிடச் சற்றுப் பெரியதாக தோஸ்த், பொலிரோ பிக்கப் போன்றவை உண்டு. கையில் செட்டில்மெண்ட் பணம் இருப்பவர்களை முதலில் இழுப்பது இந்த வழிதான். முதலாளி கிடையாது, இரவில் வீட்டில் தூங்கலாம், கார் உரிமமே போதும். எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் பென்சிலை எடுத்து எழுதிப் பார்த்தேன். 7 லட்சம் ரூபாய் கடனை 11 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 15,200 ரூபாய். ஐந்து ஆண்டில் கட்டும் மொத்தம் 9 லட்சத்துக்கு மேல். வண்டி ஓடினாலும் நின்றாலும் தவணை நிற்காது. அதோடு காப்பீடு, டயர், சாலை வரி, முதல் எட்டு ஆண்டுக்கு இரண்டு ஆண்டுக்கொரு முறையும் அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று என்று செலவுகள் வரிசையாக வரும். நிற்கும் நேரத்துக்கான கூலியை இந்த வகையில் நாமே நமக்குத் தருகிறோம். அதாவது யாரும் தருவதில்லை.

இந்த வழி யாருக்குப் பொருந்தும் என்றால், சரக்கு ஏற்கெனவே கைவசம் இருப்பவருக்கு. பள்ளிபாளையத்திலிருந்து ஈரோட்டுக்குத் துணி பேல், சைசிங்கிலிருந்து தறிப் பட்டறைக்குப் பாவு பீம், நூல் மூட்டை என்று மாதத்தில் இருபது நாளாவது நிச்சயமான வாடகை தரக்கூடிய நான்கைந்து பேரைப் பெயர் சொல்லி எழுத முடிகிறவர் வாங்கலாம். ஸ்டாண்டில் போட்டால் வாடகை வரும் என்று நம்பி வாங்குகிறவர், காலையில் ஏழாவது வண்டியாக நின்று மதியம் வரை செய்தித்தாள் படித்துவிட்டு, டீசல் காசுக்குக் கட்டுப்படாத வாடகையை ஒப்புக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படுவார். என் சித்தப்பா மகன் அப்படி வாங்கி, மூன்றாம் ஆண்டில் வண்டியைக் கடன் நிறுவனத்திடமே ஒப்படைத்தார். அவருடைய உழைப்பில் குறை சொல்ல முடியாது. சரக்குக்கு முன்னால் வண்டியை வாங்கிவிட்டார், அதுதான் நடந்தது.

இரண்டாவது, உள்ளூரில் நிலையான தடத்தில் ஓடும் சம்பள வண்டி. கோழித்தீவன ஆலை வண்டி, பால் சேகரிப்பு வண்டி, முட்டை வண்டி, நூற்பாலை வண்டி, பல்பொருள் அங்காடிகளுக்குக் கிடங்கிலிருந்து சரக்குக் கொண்டுபோகும் வண்டி எல்லாம் இதில் அடங்கும். நாமக்கல் மாவட்டத்தில் கோழிப்பண்ணைகள் இருக்கும்வரை தீவன வண்டிக்கு வேலை இருக்கும். பெயரில் கவர்ச்சி இல்லாத வேலை. டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ள ஊர்க்கதை எதுவும் கிடைக்காது. கையில் வரும் தொகையும் வெளிமாநிலம் போகும் லைன் வண்டி ஓட்டுநர் சொல்லும் தொகையைவிடக் குறைவாகவே தெரியும். இருந்தாலும் 45க்கு மேல் புதிதாக வருபவருக்கு முதல் இரண்டு ஆண்டுக்கு இதைவிடச் சிறந்த இடம் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அதற்கான காரணங்களை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே சாலையில் தினமும் போய் வருவதால், எந்த வளைவில் வண்டி எப்படிச் சாயும், எந்த ஏற்றத்தில் எந்த கியர் என்பது ஒரு மாதத்தில் உடம்பில் ஏறிவிடுகிறது. வண்டியைக் கற்பதும் சாலையைக் கற்பதும் ஒரே நேரத்தில் நம்மைப் போட்டு அழுத்துவதில்லை. மாதச் சம்பளம் என்பதால் பண்ணையில் மூட்டை இறக்க ஆள் வராமல் இரண்டு மணி நேரம் நின்றாலும் நம் கூலி குறைவதில்லை. பெரும்பாலான இரவுகளில் வீட்டில் படுக்கலாம். முட்டை வண்டியும் பால் வண்டியும் இதில் விதிவிலக்கு. முட்டை வண்டி கேரளச் சந்தைக்கு விடியலில் போய்ச் சேர வேண்டியிருப்பதால் இரவு முழுவதும் ஓடும், பால் வண்டி அதிகாலையிலேயே கிளம்பும். அதனால்தான் நான் தீவன வண்டியைத் தேர்ந்தெடுத்தேன்.

பலரும் கவனிக்காத இன்னொன்று வருங்கால வைப்பு நிதி. ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் ஆலையிலோ நிறுவனத்திலோ சேர்ந்தால் பி.எஃப். பிடிப்பார்கள், மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவமும் கிடைக்கும். பி.எஃப். உடன் சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் பத்து ஆண்டு சேவை இருந்தால்தான் மாத ஓய்வூதியம், அந்தச் சேவையும் 58 வயதோடு முடிந்துவிடுகிறது. கணக்குப் பார்த்தால், முன்பு எங்கும் பி.எஃப். இல்லாதவர் 48 வயதுக்குள் சேர்ந்தாக வேண்டும். முன்பு ஆலையில் வேலை பார்த்தவர்கள் தங்கள் பழைய சேவையை எடுத்துவிடாமல் புதிய கணக்கோடு சேர்த்துக்கொண்டால் அந்த ஆண்டுகளும் பத்தில் சேரும். 46 வயதில் லைன் வண்டியில் ஏறி நான்கு ஆண்டு கழித்து, ‘இனி உடம்பு தாங்காது, உள்ளூர் வேலைக்குப் போகிறேன்’ என்று வருபவர், 50 வயதில் இந்த வாசல் மூடியிருப்பதைப் பார்ப்பார். வரிசையை மாற்றிப் போடுவதால் வரும் இழப்பு இது.

மூன்றாவது, லைன் வண்டி. பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம், அதற்கு மேலும் உள்ள நேஷனல் பெர்மிட் வண்டிகளில் மும்பை, டெல்லி, கொல்கத்தா என்று போவது. சங்ககிரி, நாமக்கல் ஊர்களின் பெயரை இந்தியா முழுவதும் கொண்டுபோனது இந்த வண்டிகள்தான், அதில் எனக்கும் பெருமை உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநில எல்லைகளில் வணிக வரிச் சோதனைச் சாவடி வரிசை இல்லாமல் போனது. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயமானதால் சுங்கச் சாவடியில் சில்லறை எண்ணும் வேலை தீர்ந்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளுக்குக் குளிர்சாதன கேபின் கட்டாயமாகியிருக்கிறது. பத்து ஆண்டுக்கு முன்பு இருந்ததைவிட இன்று லைனுக்குப் போவது எளிது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பழைய வண்டிகள் இன்னும் பல ஆண்டு ஓடும். புதிதாக வருபவருக்கு முதலாளி பெரும்பாலும் பழைய வண்டியைத்தான் தருவார்.

கையில் வரும் தொகை இதில் அதிகம். அந்தத் தொகை எத்தனை நாளுக்கு வருகிறது என்று வகுத்துப் பார்ப்பவர் குறைவு. ஒரு வட இந்திய நடை போய் வர இருபது நாள் ஆனால், ஓடிய நாள் பத்து, நின்ற நாள் பத்து என்றிருக்கும். நிற்கும் நாளிலும் டிரான்ஸ்போர்ட் நகரத்துப் புழுதியில் சமைத்துத் தின்று, டீசலுக்கும் டயருக்கும் காவல் காத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதுவும் வேலைதான், ஆனால் நடை முடிந்து முதலாளி தீர்க்கும் கணக்கில் பெரும்பாலும் அதற்கு ஒரு வரி கூட இருக்காது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், தொடர்ச்சியாக ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு என்று வகுத்திருந்தது. லைனில் அந்த எட்டு மணி நேரத்தை நான் கண்டதில்லை.

இங்கே தொப்பூர் கணவாயைப் பற்றி எழுதாமல் போக முடியாது. தேசிய நெடுஞ்சாலை 44இல் தருமபுரியிலிருந்து சேலத்தை நோக்கி வரும்போது நீண்ட இறக்கம். மைலேஜ் மிச்சம் பிடித்தால் மீதி டீசல் காசு ஓட்டுநருக்கு என்று பேசியிருக்கும் வண்டிகள், அந்த இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு இறங்குகின்றன. பத்துச் சக்கர வண்டி முழு லோடோடு 28.5 டன் வரை இருக்கும். கியரில் இருந்தால் இன்ஜினே அந்த எடையைப் பிடித்து நிறுத்திக்கொண்டு வரும்; நியூட்ரலில் போட்டவுடன் முழுச் சுமையும் பிரேக் மேல் விழுகிறது. அடிக்கடி மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, லைனிங் கருகிய வாடை கேபினுக்குள் வரும். அந்த வாடை வரும்போது மிதித்தாலும் பிடிப்பு இருக்காது. முன்னால் போகிற காரும் பேருந்தும் அதற்கு என்ன செய்யும்? அங்கே நடந்த பல விபத்துகளுக்குப் பின்னால் இந்த நூறு இருநூறு ரூபாய் டீசல் கணக்கு இருக்கிறது. 20 வயதிலிருந்து மலை இறங்கியவரின் காலுக்குத் தெரிந்த பக்குவம், 46இல் கற்றவருக்கு அவ்வளவு சீக்கிரம் வராது. ஆகையால் மைலேஜ் காசு பேசும் முதலாளியிடம் புதியவர் வேலைக்குச் சேரவே கூடாது. சேர்ந்தாலும், இறக்கத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும் டீசலை நம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் கட்டிய காப்பீட்டுத் தொகையாக நினைத்து விட்டுவிட வேண்டும்.

தூக்கத்தைப் பொறுத்தவரை லைன் வண்டி மிகக் கடுமையானது. இரவு இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இறங்கும் நேரம். கண் திறந்தே இருக்கும், சாலையும் தெரியும், ஆனால் கடந்த இரண்டு கிலோமீட்டர் நினைவில் இருக்காது. எனக்கு ஒருமுறை கர்நூல் பக்கத்தில் அப்படி ஆகி, சாலையோர வெள்ளைக் கோட்டின் மேல் டயர் ஏறிய சத்தத்தில்தான் விழித்தேன். மறுநாளிலிருந்து இரவு ஒன்றரைக்கு மேல் எந்தச் சரக்கானாலும் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவை ஏற்காத முதலாளியிடமிருந்து விலகினேன். மூன்று ஆண்டு உள்ளூர் ஓட்டம் கையில் இருந்ததால்தான் விலகும் துணிச்சல் வந்தது. இரண்டு ஓட்டுநர் போட்டு அனுப்பும் செட் என்றால் லைன் வண்டியைப் பரிசீலிக்கலாம். ஒற்றை ஆளாக, தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டுவதையும் தானே செய்துகொண்டு போவது, ஐம்பதை நெருங்குகிறவருக்கு ஏற்றதில்லை.

நான்காவது, துறைமுகக் கன்டெய்னர் ட்ரெய்லர். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி, தூத்துக்குடி துறைமுகங்களிலிருந்து கிடங்குகளுக்கும் ஆலைகளுக்கும் பெட்டி இழுப்பது. வயதானவருக்கு இதில் ஒரு பெரிய வசதி: தார்ப்பாய் கிடையாது, கயிறு கிடையாது. பெட்டியைக் கிரேன் வைக்கிறது, கிரேன் எடுக்கிறது. சீல் எண்ணைச் சரிபார்ப்பதும் நான்கு மூலையிலும் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதும்தான் நம் வேலை. கற்க வேண்டிய கடினமான பாடம் ரிவர்ஸ். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் பின்னால் இருக்கும் ட்ரெய்லர் எதிர்ப்பக்கம் போகும். லாரி ஓட்டிப் பழகிய கைக்கும் அது புதிதாகத்தான் இருக்கும், நாற்பது தடவை தவறாகப் போட்ட பிறகே பிடிபடும்.

ஆனால் என் இரண்டு கேள்வியையும் வைத்துப் பார்த்தால் இது ஏமாற்றம்தான். துறைமுக வாசலில் வண்டி நிற்பது சாதாரணம். அங்கே நிற்பதில் இன்னொரு துன்பம் உண்டு: வரிசை அவ்வப்போது பத்து அடி நகரும், அதனால் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காலை நீட்டிப் படுக்க முடியாது. லைன் வண்டிக்காரர் மூன்று நாள் நின்றாலும் தூங்கிக்கொள்வார். வரிசையில் இருக்கும் ட்ரெய்லர் ஓட்டுநருக்கு ஓட்டமும் இல்லை, தூக்கமும் இல்லை. என் மைத்துனர் நான்கு ஆண்டு மணலி பக்கம் ட்ரெய்லர் ஓட்டினார். அவர் உடம்பைக் கெடுத்தது ஓட்டம் அன்று, வரிசைதான். பெட்டி தாமதமானால் வாடிக்கையாளரிடம் ஹால்டிங் என்ற காத்திருப்புக் கட்டணம் வாங்கும் நிறுவனங்கள், அதில் ஒரு பங்கை ஓட்டுநருக்கும் தருகின்றனவா என்பதை எழுத்தில் கேட்டுவிட்டே சேர வேண்டும்.

ஐந்தாவது, கேஸ் டேங்கர். தென்னிந்தியாவில் எல்.பி.ஜி. டேங்கர் தொழிலின் தலைநகரம் நாமக்கல்தான். மங்களூரு, கொச்சி, எண்ணூர் பகுதிகளில் ஏற்றி, சிலிண்டரில் அடைக்கும் பாட்டிலிங் பிளான்ட்டுகளில் இறக்குவார்கள். எண்ணெய் நிறுவன ஒப்பந்தத்தில் ஓடும் வண்டி என்பதால் சரக்குத் தேடி அலைய வேண்டியதில்லை, ஏற்றும் இடமும் இறக்கும் இடமும் தெரிந்தவை, தார்ப்பாய் இல்லை, அவசரப்பட்டு ஓட்டச் சொல்லும் வழக்கம் மற்ற வண்டிகளைவிடக் குறைவு. பொறுமையான, ஒழுங்கான மனிதருக்கு ஏற்ற வண்டி. ஆனால் யாரும் முதல் நாளே இதில் ஏற முடியாது, ஏறவும் கூடாது. ஆபத்தான சரக்கு ஏற்ற, கனரக உரிமத்தோடு மூன்று நாள் பயிற்சி முடித்த சான்றும் அதற்கான பதிவும் உரிமத்தில் வேண்டும். அந்தப் பதிவு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு நாள் புத்தாக்கப் பயிற்சியோடு புதுப்பிக்கப்படும். ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. தறிக்காரரான எனக்கு அதற்காக ஆறு மாதம் மகளிடம் ஆங்கிலம் படிக்க வேண்டியிருந்தது. அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

டேங்கரை ஓட்டுவதிலும் தனிப் பக்குவம் இருக்கிறது. திரவ வாயு விரிவதற்கு இடம் வேண்டும் என்பதால் டேங்கை முழுவதும் நிரப்பமாட்டார்கள். உள்ளே திரவம் அசைந்துகொண்டே வரும். திடீரென்று பிரேக் பிடித்தால் வண்டி நின்ற பிறகும் உள்ளிருக்கும் சரக்கு ஒருமுறை முன்னால் வந்து தள்ளும். வளைவில் பக்கவாட்டில் தள்ளும். பிரேக்கை முன்கூட்டியே, மெதுவாக மிதிக்கும் பழக்கம் உள்ளவரால்தான் இதை ஓட்ட முடியும், அந்தப் பழக்கம் வயதில் மூத்தவர்களுக்கு எளிதில் வருகிறது. 2025 மார்ச் கடைசியில் தென்மண்டல டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, புதிய ஒப்பந்தத்தில் மாற்று ஓட்டுநர் இல்லாவிட்டால் அபராதம் என்ற நிபந்தனையும் அவர்களின் ஆட்சேபத்தில் ஒன்றாக இருந்தது. உரிமையாளரின் செலவு எனக்குப் புரிகிறது. ஆனால் கேபினில் இரண்டாவது ஓட்டுநர் இருக்க வேண்டும் என்பதை ஓட்டுநராக நான் முழுமனதோடு வரவேற்கிறேன். புதிதாக டேங்கருக்கு வருபவருக்கு அந்த இரண்டாவது இருக்கைதான் சரியான தொடக்கம்.

இந்த ஐந்தைத் தவிர எம்-சாண்ட், ஜல்லி டிப்பர் வேலையும் எளிதாகக் கிடைக்கும். நடைக்கு இவ்வளவு என்ற கணக்கு ஓட்டுநரை வேகத்துக்குத் தள்ளுகிறது. ஓடுவதோ பள்ளிக்கூடமும் சந்தையும் உள்ள ஊர்ச்சாலை. அதை யாருக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எந்த வகையானாலும் உடம்பைப் பற்றி உண்மையைப் பேச வேண்டும். படிவம் 1ஏ சான்றைப் பத்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கிவிட முடிகிறது என்பதற்காக அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. 45க்கு மேல் தூரத்துச் சாலை தெளிவாகத் தெரியும், கண்ணெதிரே இருக்கும் காற்று மீட்டரும் சரக்குச் சீட்டான வே பில்லும் மங்கும்; எதிர் விளக்கின் கூச்சம் அடங்க முன்பைவிட நேரமாகும். கண் மருத்துவரிடம் ஓட்டுநர் என்று சொல்லிக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும் என்பதால் நேரத்துக்குச் சாப்பிட முடிகிற வேலையைத்தான் எடுக்க வேண்டும். அந்த ஒரு காரணமே பலருக்கு லைனையும் துறைமுகத்தையும் நீக்கிவிடும். உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் உள்ளவர் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பரிசோதித்துக்கொள்ளாமல் கனரக வண்டியில் ஏறவே கூடாது.

வயதுக்கேற்ப என் பரிந்துரை மாறும். 45இலிருந்து 48க்குள் இருப்பவர், பி.எஃப். பிடிக்கும் உள்ளூர்ச் சம்பள வண்டியில் உடனே சேர்ந்து, ஓராண்டில் கனரக உரிமம் வாங்கி, மூன்றாம் ஆண்டில் ஆபத்துச் சரக்குச் சான்று எடுத்து, டேங்கரின் இரண்டாவது இருக்கைக்கு முயலலாம், அங்கும் பி.எஃப். தொடர்கிறதா என்று கேட்டுக்கொண்டு மாற வேண்டும். நடுவில் ஓராண்டு லைனுக்குப் போய் நான் இழந்த நாட்களை அவர் மிச்சம் பிடிப்பார். 50ஐத் தொட்டுவிட்டவர், பழைய பி.எஃப். சேவை இல்லையென்றால், ஓய்வூதியக் கணக்கை விட்டுவிட்டு, வீட்டில் தூங்க முடிகிற சம்பள வேலை எது என்று மட்டும் பார்த்தால் போதும். டேங்கரும் ட்ரெய்லரும் கற்றுத் தேர்வதற்குள் அடுத்த உரிமப் புதுப்பிப்பு வந்துவிடும். 55க்கு மேல் வருபவருக்கு 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியில் பகல் ஓட்டம்தான் என் பதில். அவர் கையில் இருக்கும் பணத்தைப் போட்டு வண்டி வாங்குவதற்கு முன், அதே தடத்தில் வேறொருவரின் வண்டியை ஆறு மாதம் சம்பளத்துக்கு ஓட்டி, ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மணி நேரம் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும்.